அக்கா வீட்டைப் பார்க்க வந்த ஒன்பது பேர்

நான் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுப்பானவனாக இருந்தேன். அதன் பலனை எங்கள் லைன் இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

லைன் என்பது ஊரிகத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கம்பெனி கட்டிய வரிசை வீடுகள். ஒவ்வொரு சுவருக்கும் இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். பக்கத்து வீட்டில் மிளகாய் கிள்ளித் தாளித்தால் நம் வீட்டில் தும்முவார்கள். சுரங்கத்தை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. தாத்தா காலத்திலிருந்து குடியிருந்தாலும் வீடுகள் இன்னும் கம்பெனி பேரில்தான் இருக்கின்றன. பட்டா கொடுக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் வீடுகளைப் பார்க்க ஆபீசர்கள் வரப்போகிறார்கள் என்று கேட்டுக் கேட்டே எங்கள் லைனில் பல தலைகள் நரைத்துவிட்டன. இதெல்லாம் வெளியூர்க்காரனுக்குத் தெரியாமல் போகலாம். நான் அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கிருந்தே தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

எங்கள் ஊர்ப் பெயர் சினிமாவில் அடிபட்ட பிறகு, கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் கார்களில் வர ஆரம்பித்தார்கள். தங்கத்தைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சிய சயனைடு மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான மேட்டின் மேல் ஏறி நின்று, கையைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். காற்றடித்தால் அந்த மண்தான் எங்கள் குழம்பில் விழுகிறது. ஒரு நாள் ஒருவர் காரை நிறுத்தி, எங்கள் லைனைக் காட்டி, "இது செட்டா, நிஜமா?" என்று என்னிடமே கேட்டார். நான் கையில் பால் பாக்கெட்டோடு லுங்கியில் நின்றுகொண்டிருந்தேன். நானும் செட்டில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார் போல.

அந்தக் கோபத்தில் இருந்தபோதுதான் பெங்களூரில் "பொறுப்பான சுற்றுலா" பற்றி ஒரு நாள் பயிற்சி நடப்பதாகக் கேள்விப்பட்டேன். போனேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு ஞானம் பிறந்தது. (சாப்பாட்டில் குலாப் ஜாமூனும் இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.) மாலையில் கையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ரயிலில் நின்றுகொண்டு வரும்போது அது கசங்காமல் இருக்க அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஊர் வந்து சேர்ந்தேன்.

சுற்றுலாக் கூட்டம் எங்களை அவமதிக்கிறது. சரி, அப்படியானால் அவமதிக்காத ஒரு சுற்றுலாவை நானே நடத்திக் காட்டுகிறேன். இதுதான் என் திட்டம். இணையத்தில் அறிவித்ததும் பெங்களூரிலிருந்து ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள்; அவர்களுக்கு விதிமுறைகள் எழுதினேன். போட்டோ எடுக்கக் கூடாது. பார்த்ததை, கேட்டதை மரியாதையாக நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். யார், எவர் என்று குடியிருப்பவர்களுக்குத் தெரியும்படி கழுத்தில் பெயர் அட்டை தொங்க வேண்டும். அரைக்கால் சட்டை கூடாது, முழுக்கை சட்டை போலக் கண்ணியமான உடை வேண்டும். வீட்டுக்காரர்களைப் பற்றி நாமாக எதையும் ஊகிக்காமல், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். கழுத்தில் அட்டை, கையில் நோட்டு, முழுக்கை சட்டை, எத்தனை வருஷம், எத்தனை பேர். எனக்குப் புரியவில்லை. நான் சான்றிதழ் வாங்கியவன்.

அடுத்தபடியாக, குடியிருப்பவர்களின் சம்மதம் வாங்க வேண்டும் என்று பயிற்சியில் அழுத்திச் சொல்லியிருந்தார்கள். டூர், டூரிஸ்ட் போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது, அவை மக்களைக் காட்சிப் பொருளாக்குகின்றன என்றும் சொல்லியிருந்தார்கள். நான் அந்தச் சொற்களை மிகுந்த கவனத்தோடு தவிர்த்துவிட்டு வீடு வீடாகப் போய் இப்படிச் சொன்னேன்:

"வர்ற ஞாயித்துக்கிழமை பெங்களூர்லருந்து ஒன்பது பேரு நம்ம வீடுங்கள பாக்க வராங்க. நீங்க எதையும் மாத்த வேணாம், உள்ளது உள்ளபடி இருக்கட்டும். கேட்டா உண்மைய சொல்லுங்க. உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க, உங்க வீட்ட விட்டுடறோம்."

"எங்க வூட்ட மட்டும் வுட்டுடாதப்பா," என்று முனுசாமி பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். என் அப்பாவோடு சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். கண் கலங்கியிருந்தது. சுற்றுலாவின் மேல் ஒரு மனிதருக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

என் அக்கா வசந்தா அதே லைனில் கடைசி வீடு. எனக்கு நான்கு வயது மூத்தவள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தாள்.

"பின்னாடியும் பாப்பாங்களா?"

"எல்லாத்தையும் பாப்பாங்கக்கா. கம்பெனி கட்டனப்ப எப்டி இருந்துச்சோ அந்த அமைப்பு தெரியணும். அதான் அவங்களுக்கு முக்கியம்."

(பாரம்பரியக் கட்டடக் கலையைப் பற்றி அப்போது நான் நிறைய யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

"சரி," என்றாள் அக்கா. எழுந்து பின்பக்கம் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பேரும் ரயிலில் வந்து ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கினார்கள். எல்லோரும் விதிமுறைகளை வரி பிசகாமல் கடைப்பிடித்திருந்தார்கள். அனன்யா என்ற பெண் அட்டையில் கிளிப் போட்டுக் காகிதம் செருகிக்கொண்டு வந்திருந்தார். எல்லோருக்கும் மூத்தவர் ஒரு டாக்டர், ஓய்வு பெற்றவர். வெள்ளை முழுக்கை சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட், பளபளக்கும் ஷூ, சட்டைப் பையில் மூடி போட்ட மைப் பேனா. அவரைப் பார்த்ததும் ஸ்டேஷனில் டீ விற்கிறவரே எழுந்து நின்றார். அதையும் எங்கள் ஊரின் விருந்தோம்பல் என்றே எடுத்துக்கொண்டேன்.

லைனுக்குள் நுழைந்தோம். வாரம் முழுக்கப் பெங்களூர் ரயிலில் நின்று நின்று களைத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரை தூங்கும் ஆட்கள் எல்லோரும் குளித்து, துவைத்த சட்டை போட்டு, வாசலில் நின்றார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். முதல் வீட்டில் வழக்கமாக மூன்று பேர்தான். அன்றைக்குப் பதினோரு பேர் நின்றார்கள். ஆண்டர்சன்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் தன் மாமனாரையும் சேர்த்துக் கூட்டி வந்திருந்தாள். "கூட்டுக் குடும்ப முறை இன்னும் வலுவாக இருக்கிறது," என்று அனன்யா எழுதிக்கொண்டார். மூன்றாவது வீடு பல மாதமாகப் பூட்டியே கிடந்தது, அவர்கள் பெங்களூருக்கே குடிபோய்விட்டார்கள். அது திறந்திருந்தது. உள்ளே அடுப்பில் வெந்நீர் கொதித்தது. நடுவில் தொட்டில் கட்டி, பக்கத்து வீட்டு அம்மாள் அதை ஆட்டிக்கொண்டிருந்தார். குழந்தையைப் பார்க்கலாமா என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். தொட்டிலில் தலையணை தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. விதிமுறைப்படி, நாமாக எதையும் ஊகிக்கக் கூடாது அல்லவா?

முனுசாமி பெரியப்பா தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் கொடுத்த நம்பர் அடித்த பித்தளை டோக்கன், மஞ்சளாகிப்போன சம்பளச் சீட்டுகள், ரேஷன் கார்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

"மொத மொதல்ல கேஜ்ல ஏறி சொரங்கத்துல எறங்குன நாள்லருந்து இங்கதான் சார் கீறேன். வேற எங்கயும் போவல. எழுதிக்குங்க சார்."

நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல டாக்டர் அந்த மைப் பேனாவால் எழுதினார். டோக்கன் நம்பரைக்கூட எழுதினார். உருகிப்போயிருந்தார், நல்ல மனிதர். அவர் எழுத எழுதச் சுற்றி நின்றவர்கள் முகத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது.

"எப்ப சார் கெடைக்கும்?" என்று கேட்டார் பெரியப்பா.

இவர்கள் எழுதும் குறிப்புகளைத் தொகுத்து, அச்சடித்து, வீட்டுக்கு ஒரு பிரதி கொடுப்பது என் திட்டத்தில் இருந்தது. அதை யாரிடமும் சொன்ன ஞாபகம் இல்லை. இருந்தாலும் அதைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஒரு மாசத்துல வந்துடும் பெரியப்பா. வூட்டுக்கு வூடு நானே கொண்டாந்து குடுக்கறேன்," என்றேன்.

பெரியப்பா பெட்டி மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஒரு மாசமாம், ஒரு மாசமாம் என்று அந்தச் செய்தி சுவர் சுவராகத் தாண்டி லைன் கடைசி வரைக்கும் போனது. யாரோ எனக்கு ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் குடித்தேன்.

அப்போதுதான் டாக்டர் என் காதருகே குனிந்து, பாத்ரூம் எங்கே என்று கேட்டார்.

இதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. லைனுக்குப் பொதுவான கழிப்பறை வரிசையில் தண்ணீர் வருவதில்லை. அங்கே விருந்தாளியை அனுப்ப முடியாது. ஆனால் என் அக்கா வீட்டுப் பின்பக்கம் தனியாக ஒரு பாத்ரூம் இருந்தது. பல வருடம் விடியற்காலையில் வாளியோடு வரிசையில் நின்று அலுத்துப்போன அக்கா, மாமாவைப் பிடுங்கிப் பிடுங்கிக் கட்ட வைத்தது. நாலு பக்கமும் தகரம், நீலப் பெயின்ட் அடித்த கதவு, உள்ளே பூப்போட்ட டைல்ஸ். டைல்ஸ் ஒட்டி முடித்த அன்றைக்கு அக்கா லைன் முழுக்க சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். பாத்ரூமுக்குக் கிரகப்பிரவேசம் நடத்தியது ஊரிகத்திலேயே எங்கள் குடும்பம்தான்.

"வாங்க சார்," என்று பெருமையோடு டாக்டரைப் பின்பக்கம் அழைத்துப் போனேன்.

அங்கே பாத்ரூம் இல்லை. தரை மட்டும் இருந்தது. பூப்போட்ட டைல்ஸ், நடுவில் பீங்கான், ஒரு ஓரத்தில் தண்ணீர் நிரப்பிய வாளி, அதில் மிதக்கும் மக். நாலு பக்கமும் வெட்டவெளி. தூரத்தில் சயனைடு மேடு தெரிந்தது.

டாக்டர், யார் மனமும் புண்படாதபடி, "இது இங்கே பாரம்பரிய முறையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா சிரித்த முகத்தோடு வந்தாள்.

"பாருங்க சார், ஒரு இஞ்ச்கூட கூடுதலா கட்டல. கம்பெனி குடுத்தது குடுத்தபடியே கீது." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து பகல்ல நானும் மாமாவும் பிரிச்சிட்டோம்டா. ஆக்கிரமிப்புன்னு எழுதிட்டா பட்டா குடுக்க மாட்டாங்க இல்ல? தகரம்லாம் கட்டிலுக்கு அடியில கீது. கதவுதான் உடைஞ்சிட்ச்சி. போவட்டும்."

பதினோரு பேர், தொட்டில், தகரப் பெட்டி, பாயசம் எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கியது.

"அக்கா, இவரு ஆபீசர் இல்ல."

"பின்ன?"

"பல் டாக்டரு."

அக்கா டாக்டரை ஷூவிலிருந்து தலை வரைக்கும் ஒரு முறை பார்த்தாள்.

"பல் டாக்டரு இன்னாத்துக்குடா என் பாத்ரூம பாக்கணும்?"

தவிர்த்து வைத்திருந்த அந்தச் சொல்லைக் கடைசியில் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. "டூருக்கு, அக்கா," என்றேன். அக்கா திரும்பி வீட்டுக்குள் போனாள். எங்கள் லைன் சுவர்கள் அப்படி. நாங்கள் வாசல் பக்கம் வருவதற்குள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. பாயசம் கொடுத்தவர்கள் டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பெரியப்பா காகிதங்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசம்னு சொன்னியேப்பா," என்றார். இத்தனை வருடத்தில் எனக்கு எத்தனையோ பேரிடம் திட்டு விழுந்திருக்கிறது. எதுவும் இந்த அளவு என்னைச் சுட்டதில்லை.

கோழை செய்கிற காரியத்தை நான் செய்தேன். ஒன்பது பேரையும் திரட்டி, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லி, சந்து வழியாக ஓட்டிக்கொண்டு போகப் பார்த்தேன். சந்து முனையில் அக்கா நின்றாள். இடுப்பில் முந்தானையைச் செருகியிருந்தாள். கையில் அவள் மகளுடைய பள்ளிக்கூட நோட்டு ஒன்று.

"யாரும் போவக் கூடாது. வூட்ட பாத்தாச்சு இல்ல? எழுதியாச்சு இல்ல? இதுல கையெழுத்து போட்டுட்டு போங்க."

"இன்னான்னுக்கா?"

"இந்த வூட்ல வசந்தா குடியிருக்கறத கண்ணால பாத்தோம்னு. பெரியப்பா வூட்டுக்கு அவரு பேரு. எல்லா வூட்டுக்கும்."

அனன்யா கவலையோடு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"அவங்களுக்கு அந்த அதிகாரம் இல்லையாம்."

"அதிகாரம் இருக்கறவன் எவன் வந்தான்? இவங்களுக்கு கண்ணு கீது இல்ல? அது போதும்னு சொல்லு."

"அக்கா, அவங்க கெஸ்ட்டுக்கா. இப்டி வழி மறிக்கறது மரியாதையா?" என்றேன். சான்றிதழ் என்னை இன்னும் முழுதாக விட்டுப் போகவில்லை.

"கெஸ்ட்டா? யார் வூட்டுக்கு கெஸ்ட்டு?" என்றாள் அக்கா. "கம்பெனி வூட்டுக்கா, எங்க வூட்டுக்கா? எங்க வூட்டுக்குன்னா, எங்க வூடுன்னு எழுதி குடுக்கட்டும். கம்பெனி வூட்டுக்குன்னா, கம்பெனிய வந்து பாயசம் ஊத்த சொல்லு."

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். சட்டச் சிக்கல் வருமோ என்று ஒருவர் முணுமுணுத்தார். டாக்டர் மட்டும் நோட்டை வாங்கி, சுவரில் வைத்து, மைப் பேனாவைத் திறந்தார். பெரியப்பாவின் டோக்கன் நம்பரையும் சேர்த்து எழுதி, தன் முழுப் பெயரையும் பட்டங்களையும் போட்டுக் கையெழுத்திட்டார். அவர் போட்ட பிறகு மற்றவர்களால் மறுக்க முடியவில்லை. அனன்யா கடைசியாகப் போட்டார். போடும்போது, தொட்டில் வீட்டை மட்டும் விட்டுவிடுகிறேன், அங்கே பார்த்தது தலையணை என்றார். அக்கா அதை ஒப்புக்கொண்டாள். "பாத்தத மட்டும் எழுதுனா போதும்."

டாக்டர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். அவர் என்னிடம் பாத்ரூம் கேட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அக்காவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"கட்டிலுக்கு அடியிலருந்து தகரத்த எடுங்க," என்றாள் மாமாவிடம்.

நாலு தகரத்தை நாலு பேர் பிடித்துக்கொண்டு, முதுகை உள்பக்கம் காட்டி நின்றோம். மாமா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம், முதல் வீட்டுக்கு வந்திருந்த அந்த மாமனார் ஒரு பக்கம். கதவு இருந்த பக்கத்தில் நான். வெயில் காய்ந்தது, தகரம் கையைச் சுட்டது. பொறுப்பான சுற்றுலாவில் நான் ஏற்ற ஒரே பொறுப்பு அதுதான். வெளியே வந்த டாக்டர், நன்றி சொல்லிவிட்டு, பெரியப்பாவின் கடைவாய்ப் பல்லை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, அதை எடுத்துவிடுவது நல்லது என்றார். பெரியப்பா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பல்லாவது என் பேரில் இருக்கட்டும் என்றார்.

அடுத்த நான்கு ஞாயிறுகள் நான் அக்காவின் பாத்ரூமைக் கட்டினேன். கதவு புதிது. பெயின்ட் என் கையால் அடித்தது. அதனால்தான் கோடு கோடாக இருக்கிறது என்று வருகிறவர்களிடம் எல்லாம் அக்கா காட்டுகிறாள். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என்னை "நம்ம ஆபீசர் தம்பி" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். அறிமுகமானவர்கள் ரேஷன் கார்டைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவிக் காட்டுவார்கள்.

சுற்றுலாவைப் பொறுப்போடு நடத்த முடியுமா என்று இப்போதும் என்னைச் சிலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் அதற்கான விதிமுறையை நான் எழுத முடியாது. வருகிறவரும் எழுத முடியாது. பாட்டிலைத் திரும்ப எடுத்துப் போவது, மெதுவாகப் பேசுவது எல்லாம் நல்ல பழக்கங்கள்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களைப் பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றால் நீங்கள் வரவே வேண்டாம். உங்கள் இரக்கத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? எங்கள் லைனுக்கு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். சந்து முனையில் அக்கா நோட்டோடு நிற்கிறாள். அதில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு டீ உண்டு, வீட்டுக்குள் வர அனுமதி உண்டு, பாத்ரூமும் உண்டு. போடாதவர்கள் மேட்டுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம்.

நோட்டுகள் சேர்ந்ததும் அக்கா அவற்றையெல்லாம் கட்டாகக் கட்டி, பட்டா கேட்கும் மனுவோடு ஒரு அரசு அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். நானும் கூடப் போனேன். அங்கிருந்தவர் நாலு பக்கம் புரட்டிப் பார்த்தார். டில்லி, கொச்சி, ஜெர்மனி என்று ஊர் ஊராகக் கையெழுத்து. சிரித்துவிட்டு, இதெல்லாம் செல்லாதம்மா என்று கன்னடத்தில் சொன்னார்.

அக்கா கட்டின் மேலே ஒரு புது நோட்டை வைத்துப் பிரித்து, அவர் பக்கம் தள்ளினாள். கன்னடத்திலேயே சொன்னாள்: "வசந்தா குடியிருக்கிற வீட்டுக்கு இது செல்லாதுன்னு எழுதிக் கொடுங்க சார். அதையும் இதோட வெச்சுக்கிறேன்."

அவர் பேனாவை எடுத்தார், 'குடியிருக்கிற' என்ற சொல்லை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராலும் யாரிடமும் எதையும் மறுத்துப் பேச முடியவில்லை. குழம்பில் உப்புக் குறைவு என்று மாமா சொன்னால், "எழுதிக் குடுங்க" என்கிறாள் அக்கா. பள்ளிக்கூட டூருக்கு அனுப்ப முடியாது என்று மாமா சொன்னால் அவர் மகளும் நோட்டை நீட்டுகிறாள். மாமா இதுவரை எழுதிக் கொடுத்ததில்லை. வீடு இன்னும் கம்பெனி பேரில்தான் இருக்கிறது. குடியிருப்பது என் அக்கா.